எங்கள் தெருவிலும் நட்சத்திரம் எரிந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் தென்கடல் கரையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 58. கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். கிறிஸ்துமஸை ஒட்டித் தங்கள் நாளிதழில் எங்கள் கரையைப் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. பண்டிகை களையிழந்துவிட்டது என்று தலைப்பு. கீழே, கரையில் கட்டிப்போட்ட வள்ளங்களின் படம்.

அந்தச் செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. கார்த்திகை மாதத்தில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தது. பல நாள் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்கவில்லை. நவம்பர் 20ஆம் தேதி பெய்த மழையை இந்தத் தீவில் யாரும் மறக்க மாட்டார்கள். ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தார்ப்பாய் போட்டு மூடி அடுக்கி வைத்திருந்த மூன்று மூட்டைக் கருவாடு, சாளையும் காரலும், ஊறிப் புழுவைத்துப் போனது. தூக்கிக்கொண்டுபோய்க் குழிவெட்டிப் புதைத்தேன். மகளிர் குழுவில் கடன் வாங்கிப் போட்ட முதல் அது.

அதற்கும் முன்னால், ஆவணியில், என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் வள்ளத்தில் போனவர் இப்போது திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து கடலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தினமும் சாயங்காலம் அவருக்குத் தங்கள் நாளிதழை நான் வாசித்துக் காட்டுவேன். வானிலைச் செய்தியில் தொடங்க வேண்டும், பிறகுதான் மற்றவை. பகல் முழுவதும் அவர் காத்திருப்பது அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். அதற்காகத் தங்களுக்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அன்றைக்கு அந்தச் செய்தியையும் வாசித்தேன். பாதியிலேயே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நிறுத்திவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. எந்த வரி அவரைக் குத்தியது என்று அவரால் சொல்ல முடியவில்லை, எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருவுக்கு இந்த ஆண்டு கிறிஸ்துமஸே வரவில்லை என்பதுபோல எழுதியிருந்தது. வந்தது, ஐயா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கடலுக்குப் போய் வருகிற வள்ளங்களில், மீன் ஏலத்துக்குப் போகும் முன்பு, கறிக்கு என்று கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். கூடப் போனவர்கள் வீட்டுக்கு அது. ஆண் துணை இல்லாத வீட்டுக்கும், நோயில் கிடக்கிறவர் வீட்டுக்கும் அதிலிருந்தே ஒரு கை போகும். என் வீட்டுக்காரரும் அப்படி எத்தனையோ வாசலுக்குக் கொடுத்தனுப்பியவர்தான். ஆவணிக்குப் பிறகு அது எங்கள் வாசலுக்கு வரத் தொடங்கியது. முதல் நாள் அதை எடுக்க எனக்குக் கை கூசியது. கொடுத்துப் பழகிய வீடு வாங்குவது எளிதில்லை.

ஒரு பையன் ஓலைக் கொட்டானில் மீனைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, கூப்பிடாமலே போய்விடுவான். கூப்பிட்டால் நான் வெளியே வந்து ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. கொட்டானைக் கழுவிக் காயவைத்து வேலியில் மாட்டி வைப்பேன். அடுத்த முறை போகிற போக்கில் எடுத்துக்கொள்வான். எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த பேச்செல்லாம் அந்தக் கொட்டான்தான். டிசம்பர் 24ஆம் தேதி காலையில் கொண்டல் காற்று வீசிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து நாலைந்து வள்ளங்கள் மட்டும் துணிந்து போயின. பெரிதாக மீன் ஒன்றும் படவில்லை; நான் கரையில் நின்று பார்த்தேன். அன்றைக்கும் கொட்டான் வந்தது. உள்ளே இரண்டு ஊளி, அடியில் கொஞ்சம் சூடை.

அன்று மத்தியானமே வேதாளையிலிருந்து ராத்தா வந்தார். முஸ்லிம் அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இருபது ஆண்டுகளாக நானும் அவரும் ஒன்றாகக் கருவாடு ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் சந்தைக்குப் போகிறவர்கள். அவருக்கு நான் ஏழாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. மழைக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே கூசி, சந்தைக்குப் போகாமல் இருந்தேன். பெருநாளுக்கு நான் அவர் வீட்டில் சாப்பிடுவதும் கிறிஸ்துமஸுக்கு அவர் என் வீட்டில் சாப்பிடுவதும் எங்கள் வழக்கம். இந்த முறை என் அடுப்பு எப்படி இருக்கும் என்று யூகித்து, அரிசியும் ஒரு வட்டுக் கருப்பட்டியும் தூக்கிக்கொண்டு முதல் நாளே வந்துவிட்டார். பணத்தைப் பற்றி நான் வாயெடுத்ததும், “தை பிறக்கட்டும் தங்கச்சி, பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரிடம் நலம் விசாரிக்கப் போய்விட்டார்.

அந்த அரிசியில்தான் மறுநாள் காலையில் கஞ்சி வைத்தேன். கிறிஸ்துமஸ் அன்று எதற்குக் கஞ்சி என்று தாங்கள் கேட்கலாம். என் தாயார் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. ஆட்களோடு வந்த ரயிலையே கடல் வாரிக்கொண்டு போன இரவு அது. அம்மாவின் தங்கை ஒருத்தியும் அந்த இரவோடு போய்விட்டாள். மூன்றாம் நாள் கிறிஸ்துமஸ். ராமேசுவரத்தில் யாரோ காய்ச்சி ஊற்றிய கஞ்சியைத் தாத்தா ஒரு தகர டப்பாவில் வாங்கி வந்து நான்கு பேருக்கும் பங்கு வைத்தாராம். குடிக்கும் முன்பு ஆச்சி எப்போதும்போல நன்றிச் செபம் சொன்னாராம். சின்ன வயதில் நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்: “எல்லாம் போன பிறகு எதற்கு நன்றி சொன்னீர்கள்?” அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “கஞ்சிக்குத்தான்” என்றார்.

அதற்குப் பிறகு அம்மா இருந்த காலம் வரை, கிறிஸ்துமஸ் காலையில் பலகாரத்தைத் தொடும் முன் ஆளுக்கு ஒரு வாய் உப்புக் கஞ்சி குடித்தாக வேண்டும். அதிரசமும் முறுக்கும் தூக்கு நிறைய இருந்த வருடங்களிலும் அதை அவர் விட்டதில்லை. எனக்கு அது பிடிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். இந்த ஆண்டு அதை நானே என் வீட்டுக்காரருக்கு ஸ்பூனில் ஊட்டி, மிச்சத்தை நான் குடித்தேன். கூட ஒரு கடி கருப்பட்டி. ருசியாக இருந்தது, ஐயா. மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. உண்மையாகவே ருசியாக இருந்தது.

முதல் நாள் இரவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. குடில் வைக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்கவில்லை. கேழ்வரகைத் தட்டில் தூவி முளைக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். பனையோலைக் கூரையை என் வீட்டுக்காரர் இடது கையால் கட்டிக்கொடுத்தார். வலை முடிகிற முடிச்சு. கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போராடிப் போட்டார். பழைய காகித நட்சத்திரத்தின் கிழிசலில் நான் தாள் ஒட்டி வாசலில் தொங்கவிட்டேன்.

நள்ளிரவுப் பூசைக்கு அவர் வர மாட்டேன் என்றார். எப்படி வருவார்? பத்தரை மணிக்கு, கொட்டான் கொண்டுவருகிற அந்தப் பையனும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். மழையில் தெரு அரித்துப் பள்ளமாகக் கிடந்தது. நான்கு பேரின் நடையும் ஒத்துவரவில்லை, நாற்காலி சாய்ந்தது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அப்போது அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வள்ளம் தள்ளும்போது எல்லாரும் ஒன்றாகத் தம் பிடிப்பதற்காகக் கொடுக்கிற குரல். அந்தக் குரலை எங்கள் கரையில் கொடுத்துக்கொண்டிருந்தவரே அவர்தான். குழறியது, ஆனால் அதேதான். பையன்கள் ஒரு கணம் நின்றார்கள். பிறகு பதில் குரல் கொடுத்துக்கொண்டே தூக்கினார்கள். கோயில் வாசல் வரை அவர் குரல் கொடுக்க, அவர்கள் எடுத்து வைத்தார்கள். வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நான்கு மாதத்தில் அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோயிருந்ததால் பஸ் மாறி மாறி ஏறி, 25ஆம் தேதி மத்தியானம் வந்து சேர்ந்தான். மறுநாள் இரவே கிளம்பிவிட்டான். அதுவும் போதும்.

தங்கள் செய்தியாளர் தம்பி எங்கள் வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தார். பணிவான பிள்ளை. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நட்சத்திரம் அவர் தலைக்கு மேலேதான் தொங்கியது. பகல் என்பதால் விளக்குப் போட்டிருக்கவில்லை.

எங்கள் கஷ்டத்தை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருவாடு போனவர்களுக்கு இழப்பீடு வேண்டும். மழைக்காலத்தில் மீன் காயவைக்கக் கூரை போட்ட களம் வேண்டும். எழுதுங்கள், பலமுறை எழுதுங்கள். அப்படி எழுதும்போது எங்களை இரக்கப்பட வேண்டியவர்களாக மட்டும் காட்டிவிடாதீர்கள். அதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, கடைசி வரை கேட்டார். ஒரே ஒரு இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். 24ஆம் தேதி காலையில் வீசியது வாடை என்று நான் எழுதியிருந்தேன். கொண்டல் என்றார். மாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன்,
28.12.2024