பட்டிப்பூவை அவித்துக் குடிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் வேலியோரங்களில் பட்டிப்பூ இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. நித்தியகல்யாணி என்பதும் இதுதான். இலையைக் கிள்ளினால் பால் கசியும். வாயில் வைத்தால் ஒரே கைப்பு. சீனி வருத்தத்துக்கு நல்லதென்று வெறும் வயிற்றில் இதை அவித்துக் குடிப்பவர்கள் எங்கள் அயலிலேயே இருக்கிறார்கள்.

மடகஸ்காரைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடியை 1950களில் கனடாவில் ஆராய்ந்தவர்களும் சீனிக்கு மருந்து தேடித்தான் தொடங்கினார்கள். எலிகளின் இரத்தச் சீனி இறங்கவில்லை. வெண்குருதிக் கலங்கள்தான் மளமளவென்று குறைந்தன. அந்த வழியில் கிடைத்தவையே வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள். பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இன்றும் முக்கிய மருந்து. எவ்வளவு பெரிய கொடை! ஆனால் அதை மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து நாளத்தில் ஏற்றுகிறார்கள். கூடினால் நரம்பைத் தாக்கும். சரி, அடுப்பில் கொதிக்கும் ஒரு பிடி இலையை யார் அளப்பது? கர்ப்பிணிகள் இதைக் குடிக்கவே கூடாது.

கிளினிக்கில் குளிசை கொடுக்கும்போது, "வீட்டில் என்ன அவித்துக் குடிக்கிறீர்கள்?" என்று தாதியர் தயவுசெய்து ஒரு வார்த்தை கேட்கட்டும். கேட்காவிட்டால் பலர் சொல்லமாட்டார்கள்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை