எந்த 1905?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஐன்ஸ்டைன் கட்டுரையை என் பேத்தியோடு உட்கார்ந்து படித்தேன். எழுத்து அருமை. ஒரு குறையை மட்டும் சொல்லியாக வேண்டும்.

ஒளியைப் பற்றிச் சொல்லும் இடத்தில், மூலக் கட்டுரையைக் காட்ட (ஐன்ஸ்டைன், 1905) என்று இருக்கிறது. நீரில் மிதக்கும் துகள்களின் ஆட்டத்துக்கும் அதே (ஐன்ஸ்டைன், 1905). சார்பியலுக்கும் அதுதான், நிறை-ஆற்றல் தொடர்புக்கும் அதுதான். இவை நான்கும் அவர் அந்த ஒரே ஆண்டில் 'அனாலன் டெர் ஃபிஸிக்' என்ற ஜெர்மன் இயற்பியல் இதழில் எழுதிய தனித்தனிக் கட்டுரைகள். துகள் ஆட்டம் பற்றியது எது என்று பேத்தி கேட்டாள். பின்னால் துணைநூற்பட்டியலைப் புரட்டினால் நான்கும் ஜெர்மன் தலைப்புகளோடு வரிசையாக நிற்கின்றன. குழந்தைக்கு என்ன பதில் சொல்வது?

ஆண்டோடு ஓர் எழுத்தை ஒட்டி 1905அ, 1905ஆ என்று போட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. மேற்கோள் காட்டப் பலரும் பின்பற்றும் ஏ.பி.ஏ., சிகாகோ ஆசிரியர்-ஆண்டு முறை இரண்டிலும் வழக்கம் இதுதான். எம்.எல்.ஏ. என்ற இன்னொரு மேற்கோள் முறையில் ஆண்டுக்குப் பதிலாகத் தலைப்பைச் சுருக்கிப் போடுவார்கள்.

எழுத்தை எந்த வரிசையில் கொடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதலில் வெளிவந்தது 'அ' என்று நினைத்துவிடுகிறார்கள். ஏ.பி.ஏ.வில் இத்தகைய ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குத் தலைப்பின் அகரவரிசைதான் கணக்கு. இந்த நான்கு தலைப்புகளும் 'இஸ்ட்' (நிறை-ஆற்றல்), 'ஊபர் டீ' (துகள் ஆட்டம்), 'ஊபர் ஐனன்' (ஒளி), 'சூர்' (சார்பியல்) என்று தொடங்குகின்றன. ரோமன் எழுத்தில் வரிசையும் இதேதான். ஆக, கடைசியாக நவம்பரில் வந்த நிறை-ஆற்றல் கட்டுரைக்கு 'அ' கிடைக்கும். ஜூனிலேயே வந்துவிட்ட ஒளிக் கட்டுரை 'இ' ஆகிவிடும்.

கல்லூரி நூலகத்தில் இருந்தபோது ஓர் ஆய்வு மாணவி கண் கலங்கி வந்து நின்றார். மறுநாள் ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் அதே ஆசிரியரின் அதே ஆண்டுக் கட்டுரை இன்னொன்றைச் சேர்த்திருக்கிறார். அதன் தலைப்பு வரிசையில் முதலில் வந்துவிட்டது. பழைய 'அ' இனி 'ஆ', 'ஆ' இனி 'இ'. பட்டியலைத் திருத்திவிட்டார், ஆய்வேட்டின் உள்ளே இருந்த குறிப்புகளில் பழைய எழுத்துகளே கிடந்தன. இருவரும் பென்சிலோடு உட்கார்ந்தோம். 'அ'விலிருந்து மாற்றத் தொடங்கியது தப்பாகப் போயிற்று. ஏழாம் பக்கத்து 'ஆ' பழையதா, இப்போது நாங்கள் மாற்றியதா என்று தெரியவில்லை. மூலக் கட்டுரையையே அலமாரியிலிருந்து எடுத்து ஒப்பிட வேண்டியதாயிற்று. அப்புறம் பின்னாலிருந்து வந்தோம்: முதலில் 'ஆ' எல்லாம் 'இ', பிறகு 'அ' எல்லாம் 'ஆ'. ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

சரி, கேட்க வந்தது இதுதான். அந்த நான்கு இடங்களுக்கும் எழுத்துப் போட்டு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். துகள் ஆட்டக் கட்டுரை 'ஆ'தான் என்று பேத்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் அச்சில் பார்க்கக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
திருச்சி