பேஜ்மேக்கரை லினக்ஸுக்குக் கொண்டுபோகும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த யோசனை நல்ல யோசனைதான். ஆனால் 'வைன் போட்டால் விண்டோஸ் புரோகிராம் எல்லாம் ஓடும்' என்ற ஒரு வரியை நம்பி டி.டி.பி. சென்டர்காரர்களும் ஸ்டிக்கர் கடைக்காரர்களும் ஹார்டு டிஸ்கை அழித்துவிடக் கூடாது. எல்லாம் ஓடாது. எது ஓடும், எது ஓடாது என்பதற்குக் காரணம் உண்டு.

1993-இல் தொடங்கிய வைன், கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் மென்பொருள் அல்ல. ஒரு புரோகிராம் 'கோப்பைத் திற', 'எழுத்தை வரை' என்று விண்டோஸிடம் கேட்பதை வாங்கி, லினக்ஸுக்குப் புரிகிற விதத்தில் கேட்டுக் கொடுக்கிறது. விண்டோஸ் நிறுவவே வேண்டியதில்லை. 4 ஜிபி ரேம் கணினிக்கும் பெரிய சுமையில்லை. பழைய 32-பிட் புரோகிராம்களுக்கு இது பெரும்பாலும் கைகொடுக்கும். 64-பிட் விண்டோஸில் தொடவே முடியாத 16-பிட் இன்ஸ்டாலர்கள் கூட, வைனில் 32-பிட் அமைப்பை உருவாக்கி ஓட்டினால் பல நேரம் எழுந்துவிடுகின்றன.

முதல் தடை நிறுவும்போதே வரும். உபுண்டு, டெபியன், மின்ட் வகைகளில் வைனை மட்டும் போட்டுவிட்டு பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7-இன் சி.டி.யைப் போட்டால், 'வைன்32 இல்லை போலிருக்கிறது' என்று டெர்மினலில் ஒரு வரி வந்து நின்றுவிடும். சி.டி.யில் குறை இல்லை. முதலில் 32-பிட்டுக்கான ஐ386 கட்டமைப்பைச் சேர்க்க வேண்டும், அடுத்து தொகுப்புப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும், அதன் பிறகே வைன்32 தொகுப்பு கிடைக்கும். வைன் முதல் முறை ஓடும்போது மோனோ வேண்டுமா என்று கேட்கும். அது டாட்நெட் புரோகிராம்களுக்கானது, பேஜ்மேக்கருக்குத் தேவையில்லை.

ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி 'பிரிஃபிக்ஸ்', அதாவது தனி சி டிரைவ் கோப்புறை, வைப்பது நல்லது. ஒன்றுக்காக மாற்றிய டி.எல்.எல். (புரோகிராம்கள் பயன்படுத்தும் துணைக் கோப்பு) இன்னொன்றைக் கெடுக்காது. இன்னொரு லாபமும் உண்டு: எல்லாம் சரியாக ஓடும் நாளில் அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வைத்தால் அதுவே பேக்கப்.

தமிழ் அச்சுத் தொழிலில் உண்மையான சிக்கல் ஃபான்டில்தான். டி.டி.எஃப். என்ற ஃபான்ட் கோப்புகளை பிரிஃபிக்ஸுக்குள் விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற கோப்புறையில் போட்டால் பெயர் பட்டியலில் வந்துவிடும். பாமினி வகை ஃபான்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைப்பவை. எம் தட்டினால் 'அ', கே தட்டினால் 'ம'. தனி கீபோர்டு மென்பொருள் எதுவும் வேண்டாம் என்பதால் வைனில் இவை தொல்லை தருவது குறைவு. ஆனால் 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய டேப், அதற்கு முந்தைய திஸ்கி போன்ற எழுத்துக் குறியீடுகள் தமிழை, எழுத்து அட்டவணையில் 128-ஆம் எண்ணுக்கு மேலுள்ள இடங்களில் வைத்திருக்கின்றன. அந்த இடங்களை எப்படிப் படிப்பது என்பதை வைன், லினக்ஸின் மொழி அமைப்பைப் பார்த்து முடிவு செய்கிறது. கணினியைத் தமிழ் மொழி அமைப்பில் வைத்திருந்தால் கல்யாணப் பத்திரிகை முழுக்கக் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் வரக்கூடும். ஃபான்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. அந்தப் புரோகிராமைத் திறக்கும் கட்டளையில் மட்டும் எல்.சி. ஆல் (LC_ALL) என்ற மாறிக்கு அமெரிக்க ஆங்கில அமைப்பைக் கொடுங்கள். மற்ற மெனுக்கள் தமிழிலேயே இருக்கலாம்.

விண்டோஸின் கீழ்மூலையில் உட்கார்ந்து விசைகளை இடைமறிக்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களை வைனுக்குள் நம்பாதீர்கள். ஓடினாலும் வைன் புரோகிராம்களுக்குள் மட்டுந்தான், அதுவும் விட்டுவிட்டு. யூனிகோடுக்கு லினக்ஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

அச்சிடுவதில் வலி குறைவு. லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் சேர்த்த பிரின்டர்கள் வைனுக்குள் தாமாகத் தெரியும். கப்ஸ்-பி.டி.எஃப். தொகுப்பைச் சேர்த்தால் பி.டி.எஃப். என்ற பிரின்டரும் வரும். பட்டர் பேப்பரில் ஒற்றை வண்ணம் எடுப்பவர்களுக்கு இது போதும். நான்கு வண்ணப் பிரிப்பு செய்பவர்கள் ஒரு பழைய ஜாப்பை எடுத்து, நான்கு பக்கங்களும் தனித்தனியாகச் சரியாக விழுகின்றனவா என்று பார்க்காமல் பிளேட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

இனி ஓடாதவை. டாங்கிள் எனப்படும் 'லாக்' செருகி ஓடும் மென்பொருள்களை மறந்துவிடுங்கள். அந்த லாக்கைப் படிக்க விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் இயங்கும் டிரைவர் வேண்டும். வைன் அந்த ஆழத்துக்குப் போவதில்லை. ஆன்லைன் ஆக்டிவேஷன் கேட்கும் புதிய வடிவமைப்பு மென்பொருள்களும் அடிக்கடி அங்கேயே முட்டி நிற்கின்றன. இவற்றுக்கு, கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் வர்ச்சுவல்பாக்ஸில் உரிமமுள்ள பழைய விண்டோஸைப் போட்டு, அதன் இணையத்தைத் துண்டித்துவிட்டு, யு.எஸ்.பி. லாக்கை அதற்குக் கொடுப்பதே வழி. அதற்கு 8 ஜிபி ரேமாவது இருந்தால் நிம்மதி.

ஸ்டிக்கர் வெட்டும் கட்டர்கள் பல சீரியல் போர்ட்டில் பேசுபவை. அவற்றை ஓட்டலாம், இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பயனர் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்க்காவிட்டால் அனுமதி மறுக்கப்படும். அடுத்து, யு.எஸ்.பி. வழியாகச் செருகிய சீரியல் கேபிளுக்கு வைன் தரும் எண் காம்33-இலிருந்து தொடங்குகிறது. பழைய கட்டர் மென்பொருளோ காம்1 முதல் காம்4 வரைதான் பட்டியலிடும். கேபிள் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கப் போவார்கள்! வைனின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் போர்ட்ஸ் என்ற பகுதியில் காம்1-க்கு அந்த கேபிளின் பெயரைக் கொடுத்துவிட்டு வைனை மறுபடி தொடங்கினால் கட்டர் நகரும்.

லினக்ஸில் வைரஸ் வராது என்ற தைரியமும் இங்கே கூடாது. வைனில் இசட் டிரைவ் என்பது லினக்ஸ் முழுவதும்தான். வாடிக்கையாளரின் பென் டிரைவில் இருக்கும் ஒரு இ.எக்ஸ்.இ.யைச் சொடுக்கினால் உங்கள் கோப்புகளை அது அழிக்க முடியும். வைன் அமைப்புப் பலகையில் இசட் டிரைவை நீக்கிவிட்டு, வேலைக் கோப்புறைக்கு மட்டும் ஓர் எழுத்து கொடுங்கள். அதே பலகையில் டாக்குமென்ட்ஸ் முதலான கோப்புறைகளின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். எல்லா அனுமதியும் உள்ள ரூட் கணக்கில் வைனை ஓட்டவே கூடாது.

மாறுகிறவர்கள் பழைய டிஸ்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றில் லினக்ஸைப் போட்டு ஒரு மாதம் ஜாப்வொர்க் செய்து பார்க்கட்டும். பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் டிராவிலும் ஸ்கிரைபஸ் 1.5-க்குப் பிந்தைய பதிப்புகளிலும் நேரடியாகத் திறக்கலாம். பக்க அமைப்பு ஓரளவு வரும். எழுத்துகள் பழைய குறியீட்டிலேயே வரும் என்பதால் யூனிகோடுக்கு மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் வரிவரியாகப் புரூஃப் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
டி.டி.பி. தொழிலாளர் ஒருவர்,
சிவகாசி