‘எங்களைப் பற்றி’

வெள்ளவத்தை
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். வெயில் சொல்லி முடியாது. மரைன் டிரைவில் நடக்கப் போவதென்றாலும் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான். வரிப் படிவ வேலையால் ஏப்ரல் 30 வரைக்கும் உனக்குத் தலை நிமிர நேரமிராது என்று தெரியும், அதனால்தான் போன் எடுக்காமல் எழுதுகிறேன். நீ எடுக்காததையும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். ஐந்து கிழமையாயிற்று. பரவாயில்லை.

உன் கணக்காளர் அலுவலக இணையத்தளத்தில் ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கம் மாறியிருக்கிறது, பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷம் ஊரார் பெயரையெல்லாம் கடிதத்தாளிலும் விசிட்டிங் கார்டிலும் அடித்துக் கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபிக்காதே.

“உங்களை அன்புடன் வரவேற்கிறோம்” என்று தொடங்குகிறாய். அது கலியாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற வேலை. உன்னிடம் வருகிறவன், வரி இலாகாவிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரவு பதினொரு மணிக்கு நித்திரை வராமல் போனில் தேடுகிறவன். இவர் யார், இந்த வேலை தெரிந்தவரா, எங்கே இருக்கிறார், அடுத்த வருஷமும் இருப்பாரா? இவ்வளவுதான் அவனுக்கு வேண்டும். அதை முதல் மூன்று வரியில் சொல்லிவிடு.

“தரமான சேவை, நியாயமான கட்டணம்” என்ற வரியையும் எடுத்துவிடு. எங்கள் ஜிந்துப்பிட்டிப் பிரஸ்ஸில் அந்த வரியை ஈய எழுத்தில் கோத்தபடியே நூல் கட்டி வைத்திருப்போம், பிரிப்பதே இல்லை. நகைக்கடைக்கும் அதுதான், மருந்துக்கடைக்கும் அதுதான். யாரும் வாசித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

நீ சி.பி.ஏ. பட்டம் பெற்ற கணக்காளர் என்பது எங்கே இருக்கிறது தெரியுமா? பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். அளுத்கடைச் சட்டத்தரணிமார் பட்டத்தைப் பெயருக்குக் கீழேயே போடச் சொல்லி, எழுத்து இன்னும் ஒரு அளவு பெரிதாக வேண்டும் என்று என்னோடு சண்டை பிடிப்பார்கள். கைக்குழந்தையோடு படித்துச் சோதனை பாஸ் பண்ணினவள் நீ. அம்மா அன்றைக்கே செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலுக்கு ஓடிப்போய் அர்ச்சனை செய்தாள். உனக்கு என்ன வெட்கம்? மேலே போடு.

போன வருஷம் எனக்கு விளங்கப்படுத்தினாயே, கனடாவில் சுயதொழில்காரருக்கு வரிப் படிவம் கொடுக்க ஜூன் 15 வரை தவணை, ஆனால் கட்ட வேண்டிய காசு இருந்தால் ஏப்ரல் 30 க்குப் பிறகு வட்டி ஓடும் என்று. ஒரே மூச்சில் சொன்னாய், எனக்கே விளங்கிற்று. அந்தப் பேச்சு பக்கத்தில் இல்லை. அதில் எழுதியிருப்பது நீ இல்லை, யாரோ ஒரு கம்பனி.

தமிழ்ப் பக்கத்தை யாரோ பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். என் போனில் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கிறது. யுனிகோடில் அடிக்கச் சொல்லு. தேடினாலும் அப்போதுதான் அகப்படும். நாங்களும் கடைசிக் காலத்தில் பாமினிதான், ஆனால் கடதாசிக்கு அது பிரச்சினையில்லை.

பிறகு, படம். கண்ணாடி மேசையைச் சுற்றி நாலு வெள்ளைக்காரர் சிரிக்கிற படத்தைப் போடாமல் உன் படத்தைப் போட்டது நல்லது. ஆனால் அதை வெட்டினவனுக்கு வேலை தெரியாது. பெரிதாக்கிப் பார். உன் இடது தோளில், நீலச் சேலைக் கரைக்கு மேலே, நாலு விரல் இருக்கிறது. மோதிரத்தில் பாதியும் தெரிகிறது. அந்த மோதிரத்தை எடுத்துக் கொடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா? புதிதாக ஒரு படம் எடு. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

முன்பு “நாங்கள் இருவரும் 2014 இல் தொடங்கினோம்” என்று இருந்தது. இப்போது “எமது அனுபவமிக்க குழு”. குழு என்றால் யார், சனிக்கிழமையில் வருகிற அந்தப் பிள்ளையும் நீயுமா? தனியாள் என்றால் ‘நான்’ என்றே எழுது. போனில் கதைத்த ஆளே தன் கணக்கையும் பார்ப்பார் என்பது வருகிறவனுக்குப் பெரிய ஆறுதல். ‘நான்’ என்று எழுது. அது இப்போதைக்கு முடியாவிட்டால் 2014 ஐ மட்டுமாவது திரும்பப் போடு. அந்த வருஷம் உன்னுடையதும்தானே, அதை ஏன் அழித்தாய்?

“ஒன்றும் எழுதவேண்டாம், பிள்ளை சொல்லும்போது சொல்லட்டும்” என்றாள் அம்மா. நான் இணையத்தளத்தைப் பற்றித்தானே எழுதுகிறேன்.

2007 இல் புதுக் கம்பனிச் சட்டம் வந்தபோது கம்பனிகளுக்கெல்லாம் பீ.வீ., பீ.கியூ. என்று புது இலக்கம் வந்தது. எல்லாரும் புதுக் கடிதத்தாள் கேட்டு வரிசையில் நின்றார்கள். விபரம் மாறினால் தாளையும் மாற்றத்தான் வேண்டும். நீ மாற்றியதை நான் பிழை சொல்லவில்லை. மாற்றுகிற விதம் எனக்கும்தான் தெரியவில்லை.

சித்தப்பா 94 இல் பிரிந்து போனபோது நாற்பது பில் புத்தகம் மிச்சம் கிடந்தது, எல்லாவற்றிலும் ‘சகோதரர்கள்’ என்று. புதிதாக அடித்திருக்கலாம். பிரஸ் என்னுடையது, கடதாசியும் இருந்தது. புதுப் புத்தகத்தைக் கண்டால் சனம் விசாரிக்கும் என்று பயந்து, பொடியன்மார் போன பிறகு இரவிரவாக அந்தச் சொல்லின் மேல் ஒரு கறுப்புப் பட்டை அடித்தேன். ஈய எழுத்து கடதாசியில் அழுத்தமாகப் பதிந்திருக்கும். பின்பக்கத்தைத் தடவினால் ‘சகோதரர்கள்’ என்று விரலுக்குத் தட்டுப்படும். “சின்ன முதலாளி எங்கே?” என்று கேட்டவர்களுக்கு யாழ்ப்பாணம் போய்விட்டான் என்றேன். அவன் கொட்டாஞ்சேனையில், பத்து நிமிஷ நடையில் இருந்தான்.

காசு எடுத்தது அவன் என்று கேட்டுத்தான் நீங்கள் எல்லாரும் வளர்ந்தீர்கள். அவன் எடுக்கவில்லை. பேரேட்டில் கூட்டலைப் பிழைவிட்டவன் நான். மூன்று மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன், போய்ச் சொல்ல வெட்கம். இன்றைக்கு, நாளைக்கு என்று ஆறு வருஷம் போயிற்று. அவனுடைய மரண அறிவித்தலை நான்தான் அடித்தேன். ‘அன்புச் சகோதரர்’ என்று என் பெயரை நானே கோத்தேன். அம்மாவுக்கும் இது தெரியாது. நீ கணக்கியல் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்ற நாளில் எனக்கு நெஞ்சு திக்கென்றது. நீ சந்தோஷம் என்று நினைத்தாய்.

இதை ஏன் உனக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. பக்கத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

புதிதாக எழுதினால் அனுப்பு, புரூஃப் பார்த்துத் தருகிறேன். நான் நாலரைக்கே எழும்பிவிடுவேன், உன் ஸ்காபரோவில் அப்போது இரவு ஏழு மணி. சின்னவன் தமிழ் வகுப்புக்குப் போகிறானா? உன் அறை மின்விசிறியைத் திருத்தியாயிற்று, இப்போது சத்தமில்லை.

ஹோலில் மாட்டியிருக்கிற படத்தில் இரண்டு பேரும் அப்படியே இருக்கிறீர்கள். கழற்ற வேண்டுமென்றால் ஒரு சொல் சொல்லு, கழற்றி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா