ஐஸ்லாந்துப் பனிக்காலத்தை ஏழு நாளில் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பயண வீடியோ போடும் நண்பர்களுக்கும், 'நீங்களே கார் ஓட்டிச் சுற்றலாம்' என்று டிசம்பர், ஜனவரிக்கு ஐஸ்லாந்து பேக்கேஜ் விற்கும் டூர்காரர்களுக்கும்,

வணக்கம். நேராகவே கேட்டுவிடுகிறேன். நாட்டை முழுவதுமாகச் சுற்றும் அந்த ஏழு நாள் அட்டவணையைப் பனிக்காலத்துக்கு விற்பதை நிறுத்துங்கள்.

அது கோடைக்கால அட்டவணை. ஒன்றாம் எண் சாலை, அதாவது ரிங் ரோடு, 1,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு இருநூறுகூட வராது, அதனால் காகிதத்தில் சுலபமாகத்தான் தெரியும். ஜூன் மாதம் இரவே கிடையாது, நிதானமாக ஓட்டலாம். டிசம்பர் கடைசியில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் சூரியன் எழுவதே பகல் பதினொன்றேகாலுக்கு மேல்தான், மூன்றரை மணிக்கெல்லாம் இறங்கிவிடும். அந்த நாலு மணி நேரத்துக்குள் நீங்கள் மூன்று அருவி, ஒரு கருமணல் கடற்கரை, ஒரு பனிப்பாறை ஏரி என்று அடுக்கிவைத்தால் மிச்சத்தை எல்லாம் இருட்டில், உறைபனி படிந்த சாலையில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். யோகுல்சார்லோன் ஏரிக்கு ரெய்க்யாவிக்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். போக மட்டுமே ஏறத்தாழ 370 கிலோமீட்டர். ஜனவரியில் இதைச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

அப்புறம், நம் ஆட்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், கோலாலம்பூர், லண்டன், சிட்னி, எங்கிருந்து வந்தாலும் சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். ஐஸ்லாந்தில் வலப்பக்கம். பலருக்குப் பனியில் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. நீண்ட விமானப் பயணம் முடிந்து கெஃப்லாவிக்கில் இறங்கி, சாவியை வாங்கி, அப்படியே இருட்டுக்குள் கிளம்புகிறார்கள். ஆணி பதித்த டயர் இருக்கிறது, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று தைரியம் சொல்லி அனுப்புகிறீர்கள். நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி கிளம்பும், சரி. வழுக்கும் இடத்தில் சட்டென நிற்க அது உதவாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது காற்றைப் பற்றி நீங்கள் பேசாமல் விடுவதில்தான். எல்லோரும் பனியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், அங்கே வண்டிகளைப் பதம் பார்ப்பது காற்று. அந்த ஊர் வானிலை அறிக்கையில் காற்றின் வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். 25 என்று பார்த்ததும் நம் ஆள் சாதாரணம் என்று நினைத்துக்கொள்வார், மணிக்கு எவ்வளவு என்று மாற்றினால் அது 90 கிலோமீட்டர். எயாஃப்யாத்லயோகுல் மலையடிவாரத்திலும் ஸ்காஃப்டாஃபெல் பக்கத்திலும் மலையிலிருந்து திடீரென இறங்கும் பலத்த காற்று இதைவிட மோசமாக அடிக்கும். தென்கரையில் ஒரு பெட்ரோல் பங்கில் ஒரு சின்னக் காரைப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கக் கதவு பானெட் பக்கமாக மடங்கி, கீல் கிழிந்து, மூடவே முடியாமல், கயிறு போட்டு இருக்கையோடு கட்டியிருந்தார்கள். உள்ளே பனித்தூள் கொட்டிக்கொண்டிருந்தது. காற்று அடித்துப் பிடுங்கும் கதவுக்குப் பெரும்பாலான வாடகை இன்சூரன்ஸ் பணம் தராது. வண்டியைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துங்கள், கதவைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டே திறங்கள், ஒரே நேரத்தில் இரண்டு கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்ல அரை நிமிடம் போதாதா?

அதே பயணத்தில் ஹ்வோல்ஸ்வோத்லுர் ஊரை ஒட்டிச் சாலையை மூடியிருந்தார்கள். குறுக்கே தடுப்புக் கட்டை, விளக்கு மின்னிக்கொண்டிருந்தது, பக்கத்தில் மீட்புக் குழு வண்டி. நம் தமிழ்க் குடும்பம் ஒன்று அங்கே மாட்டிக்கொண்டு நின்றது, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். அன்றிரவு ஹொப்ன் ஊரில் ஹோட்டல், முழுப் பணமும் கட்டியாகிவிட்டது, திரும்பி வராது. அந்த அண்ணன் போனில் அட்டவணையைத் திறந்து என்னிடம் காட்டினார். நாலாம் நாள், ஐந்தாம் நாள் என்று ஒரு மணி நேர இடைவெளிகூட இல்லாமல் நிரப்பியிருந்தது. 'ஒரு நாள் போச்சுன்னா எல்லாமே போச்சு தம்பி' என்றார். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழி இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நெருக்கடியை உருவாக்கியது அட்டவணை.

அப்படி யாராவது கிளம்பிப் போய் மாட்டிக்கொண்டால் தேடி வருகிறவர்கள் சம்பளத்துக்கு வருவதில்லை. லண்ட்ஸ்பியர்க் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள், வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வருகிற உள்ளூர்க்காரர்கள். புத்தாண்டுக்குப் பட்டாசு விற்றுத்தான் பெருமளவு நிதி சேர்க்கிறார்கள்.

எரிமலையைக் காட்டி விற்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். கிரிண்டாவிக் ஊரை 2023 நவம்பர் 10 இரவு காலி செய்தார்கள், ஏறத்தாழ 3,800 பேர். 2024 ஜனவரி 14 அன்று லாவா ஊருக்குள் வந்து வீடுகளை எரித்தது. அடுத்த மாதமே சுவார்ட்செங்கி மின்நிலையத்திலிருந்து வீடுகளைச் சூடாக்க வரும் வெந்நீர்க் குழாயை லாவா அறுத்துவிட, அந்த ஊர் இருக்கும் ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடுங்குளிரில் வீட்டுக்குக் கணப்பில்லாமல் கிடந்தார்கள். 'லைவ் லாவா பார்க்கலாம் வாங்க' என்று தலைப்பு வைக்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஏழு நாள்தான் இருக்கிறது என்றால் தென்கரையோடு நிறுத்துங்கள், ரெய்க்யாவிக், வீக், ஸ்காஃப்டாஃபெல் போதும், அதிலேயே பனிப்பாறையும் அருவியும் கருமணலும் வந்துவிடும். இரண்டு நாளாவது எதுவும் எழுதாமல் வெறுமனே விடுங்கள். கடைசி நிமிடத்தில் ரத்து செய்யக்கூடிய ஹோட்டலாகப் போடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. முழுச் சுற்றுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரைக் கோடைக்கு அனுப்புங்கள். வட ஒளி, அதாவது இரவு வானில் தெரியும் அரோரா, பார்க்க வேண்டும் என்றால் மார்ச் மாதத்தைச் சொல்லுங்கள், பகலும் நீளம், ஒளியும் கிடைக்கும். கிழக்கே போகிறவர்களிடம் ஓக்ஸி மலைப்பாதை, 939 எண் சாலை, பனிக்காலத்தில் மூடியிருக்கும், ஜிபிஎஸ் அதைக் குறுக்கு வழி என்று காட்டினாலும் நம்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று காட்டும் சாலைத் துறையின் உம்ஃபெர்தின் இணைய வரைபடத்தைத் தினமும் காலையில் கிளம்புமுன் பார்க்கப் பழக்குங்கள். சாலை நிலவரத்துக்கு 1777, ஆபத்துக்கு 112, இரண்டும் வீடியோவுக்குக் கீழே முதல் வரியில் இருக்கட்டும்.

இந்தப் பனிக்காலத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் உங்களிடம் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு அட்டவணையை இந்த வாரமே மாற்றிக் கொடுங்கள். மாற்றியவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், உங்கள் பேக்கேஜை நானே நாலு பேருக்குச் சொல்கிறேன்.