ஜூன் 18: கக்கன் பிறந்தநாள், தும்பைப்பட்டிப் பயணம்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஜூன் 18 முன்னாள் அமைச்சர் கக்கன் ஐயா பிறந்தநாள். அன்று காலை அவர் பிறந்த தும்பைப்பட்டிக்குப் போய் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். மேலூர் பக்கம்தான், மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.

அவரைப் பற்றிப் பலருக்கும் தெரிந்தது ஒரே கதைதான்: மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகக் கிடந்தவரை எம்.ஜி.ஆர் பார்த்துப் பதறியது. உண்மைதான். ஆனால் எளிமையை மட்டுமே பேசிப்பேசி, அவர் செய்த வேலையை மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. தாழ்த்தப்பட்டோர் நுழையத் தடை இருந்த மீனாட்சி அம்மன் கோயிலுக்குள், 1939இல் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனவர்களில் இவரும் ஒருவர். அப்புறம் சுதந்திரப் போராட்டத்தில் அலிப்புரம் சிறை, அரசியல் நிர்ணய சபை, மதுரை எம்.பி., 1957 முதல் பத்தாண்டு அமைச்சர். வைகை அணை எழுந்தபோது பொதுப்பணித் துறை அவர் கையில்.

சங்கடமான பக்கமும் உண்டு. 1965 மொழிப்போரில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது உள்துறை அமைச்சர் அவர்தான். 1967இல் மேலூர் தெற்குத் தொகுதியிலேயே தோற்றார். இதையும் பயணத்தின்போது பேசுவோம், பூசி மெழுக வேண்டாம்.

வருகிறவர்கள் 15ஆம் தேதிக்குள் இங்கேயே பெயர் போடுங்கள், வேன் சொல்ல வேண்டும். தண்ணீர் பாட்டில் அவரவர் கொண்டுவரவும். ஊர்வலம், கட்சிக்கொடி எதுவும் கிடையாது. ஃபார்வர்டு படங்களைத் தயவுசெய்து இரண்டு நாளைக்கு நிறுத்தி வையுங்கள், பெயர்ப்பட்டியல் மேலே போய்விடுகிறது.