டாக்கோ இருக்கிறது, மக்காச்சோள ரொட்டி எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் நல்ல மெக்சிகன் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். கடையின் அலங்காரம், சீஸ் எப்படி வழிகிறது, பார்க்கிங் வசதி எல்லாம் இருந்தது. ரொட்டி எதில் செய்தது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. மெக்சிகன் சாப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான் என்பதால் இந்தக் கடிதம்.

டார்ட்டியா என்பது அங்கே பெரும்பாலும் மக்காச்சோள ரொட்டி. அதில் கறியோ காய்கறியோ வைத்து மடித்தால் டாக்கோ. வடக்கு மெக்சிகோவில் கோதுமை ரொட்டியும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாட்டின் பெரும்பகுதியில் மக்காச்சோளம்தான் சாப்பாடு (இனி சோளம் என்று நான் சொல்வது இதைத்தான்). அதையும் வெறுமனே மாவாக அரைத்துத் தட்டுவதில்லை. காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் போகக் கழுவி, ஈரமாக அரைக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான முறை இது. சுண்ணாம்பு பட்டால்தான் சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் சத்து உடம்பில் சேரும். ஐரோப்பாவுக்குச் சோளம் போனபோது இந்த முறை கூடப் போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளை, நியாசின் குறைந்தால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது அதனால்தான். 2010-ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை உலகப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது இந்தச் சுண்ணாம்பு முறையையும் குறிப்பிட்டுச் சொன்னது.

சென்னைக்கு இந்தச் சாப்பாடு வந்த வழி வேறு. கதீட்ரல் சாலையில் ஹாட் பிரெட்ஸ் பேக்கரி மாடியில் இருந்த டான் பெப்பே என்ற மெக்சிகன் உணவகத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது மால்களில் டாக்கோ பெல், கலிபோர்னியா பரிட்டோ எல்லாம் இருக்கின்றன. டாக்கோ பெல் 1962-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம். மற்றது பெங்களூரில் பிறந்தது. மஞ்சள் சீஸ், நாச்சோஸ் என்ற சோளச் சிப்ஸ், சுடச்சுடப் புகையும் ஃபஹீட்டா என்ற வாட்டிய கறித்துண்டு என்று நமக்குப் பழகியது பெரும்பாலும் டெக்சாஸ் எல்லைப் பக்கத்துச் சமையல். அதுவும் நல்ல சாப்பாடுதான், என் பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் மெக்சிகோ அதோடு முடிந்துவிடவில்லை என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு உணவகம். பெயர் வேண்டாம். 'ரொட்டி சோளமா?' என்று கேட்டேன். பரிமாறிய தம்பி உள்ளே போய் விசாரித்து வந்து, 'சோளம்தான் மேடம்' என்றார். பிய்த்தால் பரோட்டா மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது, சந்தேகமே இல்லாமல் மைதா. தொட்டுக்கொள்ள சால்சா என்று கொடுத்தது சர்க்கரை போட்ட தக்காளி சாஸ். அந்தப் பிள்ளை மேல் கோபமில்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விலைப்பட்டியலில் சோளம் என்று அச்சடித்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதை இங்கே செய்ய முடியாது என்று எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாது, வீட்டிலேயே வருகிறது. கடையில் விற்கும் சோள மாவு இல்லை, காய்ந்த முழு மக்காச்சோளம் வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் எக்கச்சக்கமாக விளைகிறது, பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் சுண்ணாம்பு, வெற்றிலைக்குப் போடுவதே போதும். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும், அலுமினியம் ஆகாது. நம் சோளம் கொஞ்சம் கெட்டி, அதனால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேக வேண்டும். மறுநாள் காலையில் விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். நன்றாக அலசி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கிரைண்டரில் அரைத்தால் மாவு கெட்டியாகத் திரளும். எண்ணெய் வேண்டாம், மைதா வேண்டாம். இரண்டு பால் கவருக்கு நடுவில் உருண்டையை வைத்து ஒரு தட்டால் அழுத்தி, காய்ந்த தோசைக்கல்லில் போட்டால் இரண்டாவது திருப்பலில் உப்பி எழும். அந்த மணம் மைதா ரொட்டியில் ஒருநாளும் வராது.

மற்றதெல்லாம் கோயம்பேட்டிலேயே இருக்கிறது. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை: அன்றன்று நறுக்கிக் கலந்தால் அதுதான் சால்சா. கொடைக்கானல் மலையிலிருந்து வெண்ணெய்ப் பழம் வருகிறது. பள்ளிக்கூட வாசலில் விற்கும் கொடுக்காப்புளியே மெக்சிகோ மரம்தான். மெரினாவில் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தரும் சோளக்கதிரை அங்கேயும் தெருவில் விற்கிறார்கள், கூடவே மயோனைஸும் சீஸும் தடவி. அப்புறம் அல் பாஸ்டோர் டாக்கோ: லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மா முறையில் பன்றிக்கறியைக் கம்பியில் சுற்றிச் சுட்டு, அன்னாசித் துண்டோடு சோள ரொட்டியில் வைப்பது. தெருவுக்குத் தெரு ஷவர்மா சுழலும் சென்னையில் கோழியை வைத்தாவது யாராவது இதைச் செய்து பார்க்கலாம்.

சைவக்காரர்களுக்கு ஒரு தகவல். அங்கே மசித்த பீன்ஸை வழக்கமாகப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். இங்கே எதில் வதக்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு கடையிலும் இரண்டே கேள்வி கேட்டு எழுதச் சொல்லுங்கள்: ரொட்டி எதில் செய்தது, சால்சா எப்போது அரிந்தது? முழுச் சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைத்துத் தாங்களே அரைக்கிற கடை சென்னையில் எங்காவது இருந்தால், அதன் முகவரியைத் தயவுசெய்து முதல் வரியிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை